மொம்பாசாவுக்கு எந்த மாதம் நல்லம்?

போன கிழமை சர்மினி எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். திருகோணமலை டவுனில் துறைமுகப் பக்கமாக இருக்கும் பயண முகவர் கந்தோரில், நான் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"அக்கா, ஒரு அம்மா வந்து நிக்கிறா. ஆபிரிக்காவில மொம்பாசாவுக்குப் போகவேணுமாம். எந்த மாசம் போறது, எங்க தங்கிறது, சாப்பாட்டுக்கு எவ்வளவு போகும், எல்லாம் தானே சொல்லுறா. நான் போனில தட்டிப் பார்த்தா அவ சொல்லுறதுதான் சரி. ஆர் சொன்னது எண்டு கேட்டன். பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொரு வருசமும் போய் வாறவவாம். அக்கா, அந்த மனுசி கணக்குச் சொல்லியிருக்கிற விதம் அப்பிடியே உங்கட விதம்!"

கேட்டதும் எனக்குப் பகீரென்றது. இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை, அந்தக் கணக்கு என்னுடையதுதான். சர்மினிக்கு உடனே பதில் அனுப்பவில்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள் என்று அவளும் மற்றப் பிள்ளைகளும் கனகாலமாக என்னை அரித்துக்கொண்டிருந்தார்கள். யோசித்ததையே எழுதிவிடுகிறேன். ஆட்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

என் பட்டப்பெயர் சந்தேகப் பிராணி. மீன்காரன் தானாக வாய் திறந்து "நல்ல மீன்" என்று சொன்னால், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கமாட்டேன். "கலியாணத்தண்டு தாலியைக்கூட உரசிப் பார்த்தவள் இவள்" என்று என் மனுசன் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். பார்த்தேன்தான். அதில் என்ன பிழை?

தட்டெழுத்துத் தெரியும் என்பதற்காகத்தான் என்னைக் கந்தோரில் எடுத்தார்கள். முதல் சில வருடங்கள் டிக்கெட் எழுதவும், மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களின் விண்ணப்பப் பாரங்களை நிரப்பவும், வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு ஏறப் போகும் ஆட்களை விமானத்தில் ஏற்றிவிடவும் பழகியதிலேயே போய்விட்டன. வேலையை உண்மையில் படித்தது அதற்குப் பிறகு, முதலாளியைப் பார்த்துத்தான். அவர் கிண்ணியாக்காரர். எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அவர் இல்லை.

ஹாஜியார் பின்பக்கமாக, சுவரோடு போட்ட கதிரையில் தொப்பியோடு கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நித்திரை என்று ஆட்கள் நினைப்பார்கள். நித்திரையாவது மண்ணாவது! ஒரு ஆள் வந்து எங்கே போவது, எப்போது போவது என்று என்னிடம் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"சரி, போயிட்டீங்க, வந்துட்டீங்க. வீட்டு வாசல்ல இறங்கி நிக்கிறீங்க. இப்ப திரும்பி வாறதில இருந்து சொல்லுங்க."

முதலில் எல்லாரும் முழிப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். வாசலில் யார் நிற்கிறார்கள், அதற்கு முதல் எதில் வந்தார்கள், அதற்கு முதல் எங்கே இறங்கினார்கள். "அதுக்கு முதல்?" "அதுக்கு முதல்?" என்று ஹாஜியார் பின்னால் பின்னால் நடத்திக்கொண்டு போவார். கடைசி நாள் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அந்த வழியில் வரும்.

இது விளையாட்டில்லை, கணக்கு. முன்பக்கத்திலிருந்து செலவு போட்டால் போகிற டிக்கெட்டும் முதல் இரண்டு நாள் ஹோட்டலும்தான் ஆட்களுக்கு நினைவு வரும். கடைசிநாள் அறை வாடகை, விமான நிலையத்துக்கு வாகனம், கொழும்பில் இறங்கி ஊருக்கு வருகிற செலவு எல்லாம் விடுபட்டுப் போகும். ஆபிரிக்கா என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே பல நாடுகளிலிருந்து திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையை நம்முடைய விமான நிலையத்தில் கேட்பார்கள். போகும்போது யாரும் அதை யோசிப்பதில்லை. திரும்பி வருவதிலிருந்து சொன்னால் அந்த வரிசையில் நின்றே ஆகவேண்டும்.

"போறதுக்கு எல்லாரும் கணக்குப் பார்ப்பாங்க பிள்ள, வாறதுக்கு ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. காசு மட்டுமில்ல, பொய்யும் அங்கதான் முடியும்" என்பார் ஹாஜியார்.

பொய் எப்படி முடியும் என்பதையும் கண்டேன். ஒருமுறை டவுனைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் தாருஸ்ஸலாமுக்கு டிக்கெட் கேட்டு வந்தார்கள். இரண்டு கிழமை நின்று காட்டு மிருகம் பார்க்கப் போகிறார்களாம். காட்டு மிருகம் பார்க்கிற முகம் இல்லை அது. சந்தேகம் எனக்கு வந்துவிட்டது, ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஹாஜியார் தன்னுடைய கேள்வியைக் கேட்டார். அண்ணன்காரன் வாசலில் இறங்கினான், கொழும்புக்குப் போனான், அதற்கு முதல் பிளேன் என்றான்.

"அதுக்கு முதல் எங்க நிண்டீங்க?"

"அது… அது ஏஜென்ட் சொல்லுவார்" என்றான் தம்பி.

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி ஆபிரிக்காவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஓடுகிற ஆட்கள் மலிந்திருந்த காலம் அது. ஹாஜியார் அவர்களைத் திட்டவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். பிறகு தகப்பன் வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அன்றைக்கே அந்தக் கேள்வியை நானும் எடுத்துக்கொண்டேன்.

இனிப் பூரணம் அக்காவின் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முதல் நடந்தது.

மூதூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்தார். புருசன் இல்லை. ஒரே மகன் நிரோசன் மொம்பாசாவில் கப்பல் திருத்துகிற இடத்தில் வெல்டிங் வேலை. போய் நாலைந்து வருடமாகிறது, ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இவர் போய்ப் பார்க்க வேண்டும். மகனுக்குச் சொல்லக் கூடாது.

"ஏனக்கா சொல்லக் கூடாது?" என்றேன்.

"சொன்னா வரவேண்டாம் எண்டுதானே சொல்லுவான். சித்திரையில வரட்டோ எண்டன், மழை எண்டான். ஆடியில வரட்டோ எண்டன், அப்பவும் மழை எண்டான். மார்கழியில கேட்டன், அது வெள்ளைக்காரர் வாற நேரம், எல்லாம் விலை கூட எண்டான். தையில வெயில் தாங்கமாட்டீங்கள் எண்டான். என்ன தங்கச்சி, வருசத்தில பன்னிரண்டு மாசம்தானே இருக்கு!"

நான் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் மொம்பாசா எனக்கு மனப்பாடம். துறைமுகத்துக்கு வந்து போன கப்பல்காரர்களிடமும் போய் வந்த ஆட்களிடமும் கேட்டுக் கேட்டு வைத்திருந்தேன். சித்திரை, வைகாசியில் அங்கே பெருமழை. சரி. மார்கழியில் விலை கூட. சரி. தையில் வெயில். அதுவும் சரி. ஆனால் ஆடி? அங்கே போக ஆடி, ஆவணியைவிட நல்ல மாதம் இல்லை. வெக்கை குறைவு, பெருமழை விட்டிருக்கும். அங்கே இருக்கிற பெடியனுக்கு அது தெரியாதா?

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"செலவுக்கு என்ன செய்யப் போறீங்களக்கா?"

"காணியை விக்கப் போறன். ஆள் பார்த்தாச்சு."

அந்தக் காணி சும்மா காணி இல்லை. சண்டைக்குள் ஊரைவிட்டு வெளியேறி, முகாம் முகாமாகக் கிடந்து, பல வருடம் நடையாய் நடந்து திரும்பக் கிடைத்த காணி. அதை விற்றுவிட்டு, மகன் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத நாட்டில் போய் இறங்கப் போகிறார். முதலில் அவர்மேலேயே சந்தேகப்பட்டேன், மறைப்பானேன். வயதுபோன பெண்களின் பையில் எதையாவது வைத்து அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே ஹாஜியாரின் கேள்வியைக் கேட்டேன்.

அவர் கொஞ்சமும் முழிக்கவில்லை. "வாசலில இறங்குறன். நாய் ஓடிவரும். பக்கத்து வீட்டு மணி வேலிக்கு மேலால எட்டிப் பார்ப்பாள், என்ன கொண்டந்தனீ எண்டு. அதுக்கு முதல் மூதூரில இருந்து ஓட்டோ. அதுக்கு முதல் கொழும்பு பஸ். அதுக்கு முதல் பிளேன். அதுக்கு முதல் அவன் கொண்டந்து விடுவான். அழுவான். அதுக்கு முதல் நான் அவனுக்குப் புட்டும் மீன்குழம்பும் வைச்சுக் குடுத்திருப்பன்."

பின்னால் ஹாஜியார் கண்ணைத் திறந்துவிட்டார். பூரணம் அக்கா போனதும் சொன்னார்: "மனுசி உண்மை. டிக்கெட்டும் போடாத, இல்லையெண்டும் சொல்லாத. இன்னுங் கொஞ்சம் கதைக்க விடு."

அடுத்த கிழமையே அவர் திரும்ப வந்தார். காணியை எழுதிக் கொடுக்க நாள் வைத்தாயிற்றாம். அவசரப்பட வேண்டாம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "நாளைக்குப் பறுவம். அவன் கோல் எடுப்பான். அவனிட்ட ஏதும் கேட்டு அறியவேணுமெண்டாச் சொல்லுங்கோ, தெரியாதமாதிரிக் கேக்கிறன்."

"பறுவத்திலயோ எடுக்கிறவன்?"

"ஓம், போனமுறையும் சொன்னனான்தானே. ஒவ்வொரு மாசமும் பறுவத்தண்டுதான் ஆறுதலா இருந்து கதைப்பான். அண்டைக்கு அவனுக்கு வேலையில்லை."

போனமுறை அதை அவர் சொன்னது உண்மை. என் காது ஆடி மழையில் நின்றதால் கவனிக்கவில்லை. இப்போது சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் பறுவ நாள் சிவப்பில் இருந்தது. எங்கள் நாட்டில் முழுநிலா நாள் போயா விடுமுறை. கந்தோர் பூட்டு, கடை பூட்டு, வேலைத்தளம் பூட்டு. கென்யாவில் கப்பல் திருத்துகிறவன் நிலவைப் பார்த்தா லீவு எடுப்பான்?

ஹாஜியாரிடம் மெல்லச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். யோசித்தால் அப்படித்தான் செய்வார்.

"நாளைக்குக் கந்தோர் பூட்டுத்தானே பிள்ள. நீயும் போ."

போனேன். தன் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பூரணம் அக்கா போனை எனக்கும் அவருக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்தார். பத்து மணிபோலக் கோல் வந்தது. நம்பர் மொம்பாசா நம்பர்தான். அங்கே வாங்கிய நம்பரில் இன்டர்நெட் வழியாகத்தான் எடுப்பானாம். கமரா உடைந்துவிட்டதாம், அதனால் முகம் தெரியாதாம். கமரா உடைந்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் என்றார் தாய்.

"தம்பி, நான் உங்கட அம்மாவுக்குத் தெரிஞ்ச ஆள். டிக்கெட் கந்தோரில வேலை" என்றேன். "நீங்கள் ஊருக்கு வாறதெண்டா எவ்வளவு முடியும் எண்டு அம்மா கேக்கிறா. நாங்கள் கணக்குப் போடுற முறை ஒண்டு இருக்கு. வீட்டு வாசலில வந்து இறங்கிட்டீங்கள். திரும்பி வாறதில இருந்து சொல்லுங்கோ பாப்பம்."

பெடியன் சிரித்தான். நல்ல சிரிப்பு. மூதூர் ஓட்டோ என்றான், கொழும்பு பஸ் என்றான். தாயைப் போலவே சொன்னான்.

"அதுக்கு முதல்?"

"எயார்போட்தான் அன்ரி. அங்கதான் கரைச்சல். மஞ்சள் காய்ச்சல் அட்டை கேப்பாங்கள். என்ர அட்டை சூட்கேசுக்குள்ள போயிட்டுது. ஒரு மூலையில இருத்தி வைச்சிட்டாங்கள், தண்ணிகூட இல்லை. பிறகு ஒரு நல்ல மனுசன்தான்…"

அதோடு நிறுத்திவிட்டான். தனக்கே கேட்டிருக்கும்.

"தம்பி, நீங்கள் போனதில இருந்து திரும்பி வரேல்லை எண்டெல்லோ அம்மா சொன்னவ? உங்களை எப்ப இருத்தி வைச்சவை?" என்று நான் கேட்டேன்.

போனுக்குள் எங்கேயோ தூரத்தில் ஒலிபெருக்கியில் பிக்குமார் பண ஓதுகிற சத்தம் வந்தது. போயா நாளில் விகாரையில் ஓதுவது. அது பூரணம் அக்காவுக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றான் பெடியன். "நான் இங்க, தெற்கில காலி டவுனில நிக்கிறன். அந்தக் கொம்பனி பூட்டிட்டாங்கள். வந்து ரெண்டு வருசத்துக்கு மேல. இங்க வள்ளம் திருத்துற இடத்தில வேலை."

"அடேய்!" என்றார் தாய். நான் அழப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம். "ஒரு பகல் பஸ் ஓடினா வாற தூரத்தில குந்தியிருந்துகொண்டு, எனக்கு மழைக்கதை சொன்னனீயோடா? காணியை வித்துப்போட்டுக் கண்காணாத தேசத்தில வந்து உன்னைத் தேடப் பார்த்தனே, பாவி!"

"ஊருக்கு என்ன முகத்தோட வாறதம்மா? மாலை போட்டெல்லோ அனுப்பினவை. கோயிலில பேர் சொல்லி அருச்சனை வைச்சு…" அவனும் அழத் தொடங்கினான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சந்தேகப் பிராணிக்குக் கண்ணீர் வரக் கூடாதென்று சட்டம் இல்லையே.

கோல் முடிந்தது. காணி தப்பியது, மகன் பத்திரம், எழுந்து போகலாம் என்று நான் செருப்பைத் தேடினேன். அப்போது பூரணம் அக்கா என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, அவன் இங்க வரமாட்டான், எனக்குத் தெரியும். நான் போறன். ஆனா காலிக்கு எண்டு சொல்லிப் போக ஏலாது. மணி ஒருத்தி காணும், பின்னேரத்துக்கிடையில ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும். நான் மொம்பாசாவுக்கெண்டே போறன். எத்தனை நாள் நிண்டா ஊர் நம்பும்?"

"ஐயோ அக்கா! என்ன கதை இது?"

"எனக்குப் பொய் சொல்லித் தெரியாது. உங்களுக்குத்தான் பொய்யெல்லாம் பிடிபடுமே. பிடிபடாதமாதிரிச் சொல்லித் தாங்கோ."

அடுத்த நாள் ஹாஜியாரிடம் சொன்னபோது வெட்கமாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "காலி பஸ்ஸுக்கு நம்மட கந்தோர் தேவையில்ல. மத்தது உன்ர சொந்தக் கதை, எனக்குக் கேக்கல்ல" என்றார். கண் திறக்கவில்லை. "மொம்பாசாவில ரோட்டுக்குக் குறுக்கால யானைத் தந்தம் மாதிரி வளைவு ரெண்டு நிக்கும், அதச் சொல்ல மறந்திடாத."

ஆக, வாழ்நாள் முழுக்கப் பொய்ப் பயணங்களைப் பிடித்த நான் ஒரு பொய்ப் பயணத்துக்குத் திட்டம் போட்டேன். மாதம் ஆடி. நாள் பத்து. அதற்குக் குறைந்தால் அவ்வளவு தூரம் போனவள் ஏன் ஓடிவந்தாள் என்பார்கள். கூடினால் செலவு யார் கொடுத்தது என்பார்கள். டிக்கெட் மகன் அனுப்பினது. நைரோபியில் இறங்கி ரயிலில் மொம்பாசா. மகனோடு தங்கினபடியால் அறை வாடகை இல்லை, ஆனால் அறை எடுத்தால் பழைய டவுன் பக்கம் மலிவு, கடற்கரைப் பக்கம் விலை. நடந்து ஏறினால் பெரிப் படகு இலவசம், அந்தக் காலத்து மூதூர் லோஞ்சுபோலச் சனம் முட்டி வழியும். பறங்கியர் கட்டின கோட்டை ஒன்று, நம்முடைய திருகோணமலைக் கோட்டை மாதிரியே கடலைப் பார்த்து நிற்கும். மத்தியானம் தேங்காய்ப்பால் சோறும் அவரையும், பின்னேரம் மரவள்ளிப் பொரியலும் தேசிக்காயும். ஊசி இடது கையில் போட்டது. யாரும் பாஸ்போட்டைக் கேட்டால் பத்திரமாக இருக்கட்டும் என்று டிக்கெட் கந்தோரில் கொடுத்து வைத்திருக்கிறது. கிண்ணியாவில் ஒரு பழைய கப்பல்காரரின் வீட்டிலிருந்து, அந்த நாட்டுக் கோடு போட்ட துணி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் திரும்பி வருவதிலிருந்து பத்துத் தரம் சொல்லவைத்தேன். மணி எப்படிக் கேட்பாளோ அப்படியே குறுக்குக் கேள்வி கேட்டேன். தடுக்கினால் திட்டினேன். கடைசி நாள் அவர் சொன்னபோது எனக்கே மொம்பாசாவில் நிற்கிற மாதிரி இருந்தது.

போனார், வந்தார். காணி இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு கிழமை முழுக்க விசாரித்தாளாம், ஒரு இடத்திலும் தடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் பூரணம் அக்கா மொம்பாசா போகிறார்.

இப்போது புரிகிறதா, சர்மினியின் செய்தி கேட்டு எனக்கு ஏன் பகீரென்றது என்று? கந்தோரில் வந்து நிற்கிறவள் மணி. வேறு யார்? உண்மையாகவே போய்ப் பார்க்கிற ஆசையா, அல்லது பூரணம் அக்காவின் கதையைத் தோண்ட வந்தாளா? கனகாலமாய் வேலிக்கு மேலால் பார்த்தவளை நான் எப்படி நம்புவது? இரவு முழுக்க நித்திரை இல்லை. காலையில் சர்மினிக்கு அனுப்பினேன்: "அந்த மனுசி திரும்ப வந்தா, டிக்கெட் போடுறதுக்கு முதல் திரும்பி வாறதில இருந்து சொல்லச் சொல்லு. என்ன சொன்னவ எண்டு எனக்கு அப்பிடியே சொல்லு."

இன்று பின்னேரம் பதில் வந்தது.

"அக்கா, கேட்டனான். வாசலில இறங்குறாவாம். அதுக்கு முதல் மூதூர் ஓட்டோ. அதுக்கு முதல் வவுனியா பஸ்ஸாம்! எயார்போட் எங்க அம்மா எண்டு கேட்டன், அழத் தொடங்கிட்டா. வவுனியாவில மகள் இருக்கிறாவாம், தகப்பன் கோபத்தில முகம் பார்க்காத மகள். விரும்பிக் கலியாணம் முடிச்சவவாம். பிள்ளை பிறந்திருக்காம். பூரணம் அக்கா எல்லாத்தையும் தனக்குச் சொல்லிட்டாவாம், இந்த முறை அவவோட தானும் மொம்பாசாவுக்கெண்டு வெளிக்கிட்டு வவுனியாவில இறங்கப் போறாவாம். டிக்கெட் வேண்டாமாம், மனுசனுக்குச் சொல்ல அந்த மொம்பாசாக் கணக்குச் சரியோ எண்டு மட்டும் பார்த்துச் சொன்னாப் போதுமாம். என்னக்கா இது? நான் என்ன சொல்ல?"

நான் ஹாஜியாரைப் போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு பதில் அனுப்பினேன்.

"ஆடி மாசம் நல்லம் எண்டு சொல்லு. ஊசி இடது கையில."